பென் டிரைவ் இல்லாமல் கணினியின் இயங்குதளத்தை மீள நிறுவுவது எப்படி?

வில்பத்து காட்டின் தெற்கு எல்லையில், கலா ஓயாவை அண்டியிருக்கும் ஊர் எலுவன்குளம். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் இங்குள்ள சப்பாத்துப் பாலம் நீருக்குள் போய்விடும். இப்படியான ஊரில் மடிக்கணினியொன்று திடீரென இயங்க மறுத்தால், அதைத் தூக்கிக்கொண்டு வண்ணாத்திவில்லு ஊடாகப் புத்தளம் நகருக்குப் போக வேண்டும், கடையில் ஒப்படைக்க வேண்டும், பிறகு இன்னொரு முறை போய் எடுத்து வர வேண்டும்.

செலவும் அலைச்சலும் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வன்தட்டை முழுதாக அழித்துப் புதிதாக "விண்டோஸ் அடித்தால்" மாணவரின் செயற்றிட்டம், கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் சேர்ந்தே போய்விடும்.

பாடசாலைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று சொல்லும் இயங்குதளத்தை மீள நிறுவ, நிறுவல் கோப்புகள் ஏற்றிய பென் டிரைவோ இறுவட்டோ கட்டாயம் தேவை என்றே பலர் நினைக்கின்றனர். பெரும்பாலான கணினிகளில் அது தேவையில்லை. நிறுவுவதற்கு வேண்டியவை கணினிக்குள்ளேயே இருக்கின்றன, அல்லது இணையத்திலிருந்து கணினியே தரவிறக்கிக்கொள்ளும். கவனம் செலுத்த வேண்டியது எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான்.

முதலில் கோளாறு எது என்று பாருங்கள்

கணினி திறக்காததற்கெல்லாம் மீள நிறுவுதல் மருந்தல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமான நிலையங்களும் வங்கிகளும் முடங்கின. அந்தக் கணினிகளை மீட்க இயங்குதளத்தை மீள நிறுவத் தேவைப்படவில்லை. பழுதுபார்க்கும் திரை வழியாக உள்ளே போய் ஒரேயொரு கோப்பை நீக்கினால் போதுமாக இருந்தது.

வன்தட்டிலிருந்து டக் டக் என்ற சத்தம் வந்தாலோ, கணினி வன்தட்டையே இனங்காணாவிட்டாலோ, பழுது வன்பொருளில் இருக்கிறது. அந்த நிலையில் மீள நிறுவ முயன்றால் மிச்சமிருக்கும் தரவும் போகலாம். அதை அணைத்து வைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் ஒழுங்காக இயங்கவில்லை

முதல் வேலை கோப்புகளைப் பிரதியெடுப்பது. பென் டிரைவ் இல்லையென்றால் கைப்பேசியை கேபிளால் இணைத்து அதற்குள் போட்டுவைக்கலாம். கூகுள் டிரைவில் 15 ஜிபி வரையும் வன்டிரைவில் 5 ஜிபி வரையும் இலவச இடமுண்டு.

அடுத்து, 'செட்டிங்ஸ்' உள்ளே 'ரிகவரி' பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 11 இல் அது 'சிஸ்டம்' என்பதன் கீழும், விண்டோஸ் 10 இல் 'அப்டேட் அன்ட் செக்கியூரிட்டி' என்பதன் கீழும் இருக்கும். அங்குள்ள 'ரீசெட் திஸ் பிசி' இரண்டு கேள்விகளைக் கேட்கும்.

முதற் கேள்வி, கோப்புகளை வைத்திருப்பதா, எல்லாவற்றையும் அழிப்பதா என்பது. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவுசெய்தால் உங்கள் ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் நீக்கப்படும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது பெயரில் உள்ளதுபோல் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

இரண்டாவது, நிறுவல் கோப்புகளை எங்கிருந்து எடுப்பது என்பது. 'லோக்கல் ரீஇன்ஸ்டோல்' கணினிக்குள் ஏற்கெனவே இருப்பவற்றைக் கொண்டு நிறுவும். இதற்கு இணையம் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோப்புகளே பழுதாகியிருந்தால் இடையில் தோல்வியடையும். 'கிளவுட் டவுன்லோட்' மைக்ரோசொஃப்ட்டிலிருந்து புதிய பிரதியைத் தரவிறக்கும். 2020 மே மாதப் பதிப்பிலிருந்து கிடைக்கும் இவ்வசதிக்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம்.

மென்பொருள்களையும் இழக்க விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, அதை இருமுறை சொடுக்குங்கள். அது ஒரு இறுவட்டு போலத் திறக்கும். உள்ளே உள்ள 'செட்டப்' கோப்பை இயக்கி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்திருக்கும் தெரிவை எடுத்தால், இயங்குதளம் மட்டும் புதிதாகும். ஐஎஸ்ஓவின் மொழியும் பதிப்பு வகையும் கணினியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் திறக்கவே இல்லை

விண்டோஸ் தொடங்கும் வேளையில் மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் அடுத்த முறை பழுதுபார்க்கும் திரை தானாக வரும். கடவுச்சொல் கேட்கும் திரை வரை போகும் கணினியென்றால், 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தாலே போதும்.

அங்கே 'ட்ரபிள்ஷூட்' பகுதியில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்', அண்மைய இற்றைப்படுத்தலை நீக்குதல், 'சிஸ்டம் ரிஸ்டோர்' ஆகியவற்றை வரிசையாக முயன்று பாருங்கள். மேலே சொன்ன 'ரீசெட்' வசதியும் அங்கே உண்டு, அதைக் கடைசியில் எடுங்கள்.

கோப்புகளைப் பிரதியெடுக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. 'கமாண்ட் ப்ரொம்ப்ட்' திறந்து, 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் நோட்பேட் திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓபன்' எனப் போய், எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால், உங்கள் கோப்புறைகள் தெரியும். அங்கிருந்தே வலச்சொடுக்கிப் பிரதியெடுத்து வன்தட்டின் வேறொரு பகுதியிலோ மெமரி கார்டிலோ ஒட்டலாம். கைப்பேசி இத்திரையில் தெரியாது. 'சி' எனப் பழகிய பகுதி இங்கே வேறு எழுத்தில் தோன்றலாம் என்பதால் உள்ளே இருப்பதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

48 இலக்கச் சாவி

இவ்விடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்ற பூட்டு உரிமையாளர் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பழுதுபார்க்கும் திரையில் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கலாம். கணினியை முதன்முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலிருந்து அக்கணக்கிற்குள் நுழைந்து எடுக்கலாம். சாவி எங்குமே இல்லையென்றால், கணினியை அழித்து மீண்டும் பாவிக்கலாம், ஆனால் பழைய கோப்புகள் எந்தக் கடைக்காரராலும் மீட்கப்பட முடியாதவை.

தயாரித்த நிறுவனம் வைத்த வழி

பல நிறுவனங்கள் வன்தட்டில் மீட்புக்கெனத் தனிப் பகுதியொன்றை ஒதுக்குகின்றன. கணினி இயங்கத் தொடங்கும்போது எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10, ஆசஸின் பல மாதிரிகளில் எஃப்9 விசையை அழுத்தினால் அது திறக்கும். லெனோவோவில் 'நோவோ' என்ற சிறு பொத்தான் அல்லது ஊசித் துளை உண்டு. இந்த வழி பெரும்பாலும் கணினியை வாங்கிய நாளின் நிலைக்கே கொண்டுபோகும், கோப்புகள் மிஞ்சாது. முன்பே யாராவது வன்தட்டை முழுதாக அழித்திருந்தால் இப்பகுதியும் போயிருக்கும்.

அப்பிள், லினக்ஸ் பாவனையாளர்களுக்கு

அப்பிள் கணினிகளில் 2011 முதல் இணையவழி மீட்பு வசதி இருக்கிறது. இன்டெல் சில்லு உள்ளவற்றில் 'கமாண்ட்', 'ஆர்' விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அப்பிளின் சொந்தச் சில்லு உள்ளவற்றில் மின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். வட்டை அழிக்காமல் மீள நிறுவினால் கோப்புகள் அப்படியே இருக்கும்.

லினக்ஸில், கணினி இன்னும் திறக்கிறதென்றால், ஐஎஸ்ஓ கோப்பை வன்தட்டில் தனியான பகுதியில் வைத்து, 'கிரப்' என்ற தொடக்கி வழியாக அதை நேரே இயக்கலாம். கணினி ஆய்வுகூடமுள்ள பாடசாலைகளுக்கு வலையமைப்பு வழியும் உண்டு. ஒரு கணினியைச் சேவையகமாக்கினால், கேபிளால் இணைந்த மற்றக் கணினிகள் அனைத்தும் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளும்.

மின்சாரமும் உரிமமும்

நிறுவல் பாதியில் நின்றால் கணினி முன்னைவிட மோசமான நிலைக்குப் போகலாம். நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கும் மாவட்டத்திலும் மின்தடை வரும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதுமே இருளில் மூழ்கியது. மடிக்கணினியை மின்னேற்றியோடு இணைத்து, மின்கலம் நிறைந்தபின் தொடங்குங்கள். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இருப்பது நல்லது.

உண்மையான விண்டோஸோடு வாங்கிய கணினிக்கு மீள நிறுவும்போது புதிய உரிமச் சாவி வாங்கத் தேவையில்லை. உரிமம் கணினியின் தாய்ப்பலகையோடு இணைந்தது. அதே பதிப்பு வகையை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகச் செயற்படும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகவே மீள நிறுவுவதோடு விண்டோஸ் 11 இற்கு மாற முடியுமா என்றும் பாருங்கள். அதற்கு டிபிஎம் 2.0, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியன குறைந்தபட்சத் தேவைகள்.

கணினி நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

பிட்லொக்கர் சாவியைக் கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். 'ஷிஃப்ட்' அழுத்தி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, பழுதுபார்க்கும் திரை வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வழமைபோல் வெளியேறுங்கள். முக்கிய கோப்புகளின் பிரதி கணினிக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். இந்த மூன்றும் செய்தவர் கணினியைக் கடையில் கொடுக்க நேர்ந்தாலும், "எல்லாவற்றையும் அழிக்கலாமா?" என்று கேட்கும் கடைக்காரருக்குப் பயமின்றிப் பதில் சொல்லலாம்.