திக்கற்ற பிள்ளைகளுக்கான ஜெபம்: ஹாலேயிலிருந்து டோனாவூர் வரை

பெற்றோரை இழந்த அல்லது பாதுகாப்பின்றி விடப்பட்ட குழந்தைகளைத் தமிழ் விவிலியம் ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்று அழைக்கிறது. அவர்களுக்காகவும் அவர்களை வளர்ப்போருக்காகவும் ஜெபிப்பது கிறித்தவ வழிபாட்டின் மிகப் பழைய கூறுகளுள் ஒன்று. எனினும் அந்த ஜெபம் எல்லாக் காலத்திலும் ஒரே வடிவில் இருக்கவில்லை. தொடக்கத்தில் அது சபை கூடும்போது சொல்லப்பட்ட பொது மன்றாட்டு; 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இல்லங்களை நடத்தும் முறை; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் தமிழகத்தில், பிள்ளையைக் கையில் ஏந்தும் வேலையோடு ஒன்றிய வாழ்க்கை. ஜெபித்தவர்கள் பிள்ளைகளை நெருங்க நெருங்க ஜெபத்தின் உள்ளடக்கமும் மாறியது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தொடக்கத் திருச்சபையின் மன்றாட்டு

திக்கற்றோரையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் சென்று பார்ப்பதே மாசற்ற பக்தி என்ற கருத்தை யாக்கோபின் நிருபம் முன்வைக்கிறது. ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமில் எழுதிய கிறித்தவ அறிஞர் ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் ஜெபத்துக்கும் அப்பம் பகிர்தலுக்கும் பின் சேரும் காணிக்கை சபைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டதையும், அதிலிருந்து அவர் திக்கற்றோர், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர் ஆகியோரைப் பேணியதையும் குறிப்பிடுகிறார். ஜெபமும் உதவியும் ஒரே கூடுகையின் இரு பகுதிகளாக இருந்தன.

4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் தொகுக்கப்பட்ட ‘அப்போஸ்தலிக்க சாசனங்கள்’ என்னும் நூலில், திருத்தொண்டர் அறிவிக்கும் மன்றாட்டுகளில் திக்கற்றோருக்கும் இடம் உண்டு. சபையின் குழந்தைகள் தேவபயத்தில் வளர்ந்து முழு வயதை எட்ட வேண்டும் என்ற விண்ணப்பமும் அதில் உள்ளது. குழந்தைச் சாவு மிகுந்திருந்த காலத்தில் பிள்ளை ஆளாகி நிற்பதே பெரும் வரமாகக் கேட்கப்பட்டது. புனித பசிலியாரின் பெயரில் வழங்கும் கிழக்கத்தியத் திருவழிபாடும் சிசுக்களை வளர்க்கவும், விதவைகளைக் காக்கவும், திக்கற்றோருக்குத் துணை நிற்கவும் இறைவனை வேண்டுகிறது. இம்மன்றாட்டுகளில் குழந்தை ஒரு தொகுதியின் உறுப்பு. அதற்குப் பெயரோ முகமோ இல்லை.

ஹாலே: ஜெபத்தின் மேல் எழுந்த கட்டடம்

ஜெர்மனியின் ஹாலே நகரை அடுத்த கிளௌகாவில் போதகராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே, 1695இல் தம் வீட்டு உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் சேர்ந்திருக்கக் கண்டார். அச்சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். படிக்க வந்தவர்களுள் தாய் தந்தை அற்றவர்களுக்கு வகுப்பறை மட்டும் போதவில்லை; தங்க இடமும் உணவும் வேண்டியிருந்தன. 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானச் செலவுக்கு உறுதியான வருவாய் ஏதும் கையில் இல்லை. பணம் தீர்ந்த நாள்களில் ஜெபித்ததையும் பின்னர் உதவி வந்ததையும் பிராங்கே நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பதிவு செய்து 1701இல் நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் அந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது.

இந்நூல் ஜெபத்துக்குப் புதியதொரு வடிவம் தந்தது. பொதுவாகக் கருணை வேண்டிய மன்றாட்டின் இடத்தில், இன்றைய உணவுக்கு, இந்த வாரக் கூலிக்கு என்று குறித்துக் கேட்பதும், கிடைத்ததைத் தேதியிட்டு எழுதி வைப்பதும் வந்தன. 1727இல் பிராங்கே இறந்தபோது அவருடைய நிறுவனங்களில் 2000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர்.

ஹாலேயில் பயின்ற மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டிலேயே அங்கு மிஷன் பள்ளிகள் தொடங்கின. பிள்ளைகள் சிலருக்கு உணவும் உடையும் மிஷன் செலவிலேயே வழங்கப்பட்டன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலேயில் அச்சேறின. அவற்றின் வழியே தொலைவிலிருந்த தமிழ்ப் பிள்ளைகளும் ஜெர்மானியக் குடும்பங்களின் ஜெபத்தில் இடம்பெறலாயினர்.

பிரிஸ்டல்: கேட்கப்படாத பணம்

பிரஷ்யாவில் 1805இல் பிறந்த ஜார்ஜ் முல்லர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோது பிராங்கேயின் இல்லத்தில் சில காலம் தங்கியிருந்தார். 1832இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குடியேறினார். 1835இல் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் வாசித்தது அநாதை இல்லம் தொடங்கும் எண்ணத்தைத் தூண்டியது. மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, இறைவனிடம் மட்டுமே கேட்பது என்று அவர் நெறி வகுத்தார். பிள்ளைகளைக் காப்பது நோக்கமாக இருந்தபோதிலும், இறைவன் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதை உலகம் காணச் செய்வதையே முதல் நோக்கமாக அவர் எழுதினார்.

1836 பிப்ரவரியில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கென ஒரு நாள் குறித்து அவர் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. வீடு, பணம், பணியாளர் என ஒவ்வொன்றுக்கும் ஜெபித்திருந்த அவர், பிள்ளைகள் வரவேண்டும் என்று மட்டும் ஜெபிக்கவில்லை என்பதை அன்று உணர்ந்தார். இதை மறைக்காமல் அவரே எழுதியுள்ளார். அதே ஆண்டு ஏப்ரலில் வில்சன் தெருவில் முதல் இல்லம் திறக்கப்பட்டது.

1838இல் கையிருப்பு ஏறத்தாழத் தீர்ந்தபோது, முல்லர் தம் பணியாளர்களை அழைத்து நிலைமையைச் சொல்லி அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கத் தொடங்கினார். அதுவரை நிறுவனரின் தனி அறையில் நிகழ்ந்த ஜெபம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களின் பொதுப் பொறுப்பாயிற்று. அவர் வெளியிட்ட ஆண்டறிக்கைகளே மறைமுக வேண்டுகோளாகப் பயன்பட்டன என்ற விமர்சனம் உண்டு. அந்த ஐயம் எழக்கூடும் என்பதை அவரும் அறிந்திருந்தார். 1841இன் இறுதியில், மிகவும் தேவையிருந்த வேளையில், அறிக்கை வெளியிடுவதைத் தள்ளிப்போட்டார். 1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்கள் எழுந்தன. அவற்றில் ஏறக்குறைய 2000 பிள்ளைகள் தங்க இடமிருந்தது. 1898இல் அவர் இறக்கும்வரை 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவரது பராமரிப்பில் வளர்ந்திருந்தனர்.

இதே நூற்றாண்டில் பிரான்சில் ஆயர் போர்பன்-ஜான்சன் 1843இல் கத்தோலிக்கச் சிறுவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். நாள்தோறும் ஒரு சிறு ஜெபம், மாதந்தோறும் ஒரு காசு என்பது அதன் நெறி. சீனாவில் கைவிடப்பட்ட சிசுக்களுக்காகப் பிள்ளைகளே ஜெபித்தனர். இந்தியாவில் பண்டித ரமாபாய் முல்லரின் வரலாற்றை வாசித்து ஊக்கம் பெற்றார்; 1896-97 பஞ்சத்தில் மீட்ட சிறுமிகளோடு கேட்காவில் முக்தி இல்லத்தை வளர்த்தார்.

டோனாவூர்: கைகளால் செய்த ஜெபம்

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூர், மிஷனரி இரேனியுஸின் ஊழியத்துக்கு உதவிய டோனா பிரபு என்னும் பிரஷ்யப் பெருமகனின் பெயரைத் தாங்கியது. 1895இல் இந்தியா வந்த அயர்லாந்துப் பெண் ஏமி கார்மைக்கேலிடம், 1901 மார்ச்சில் பண்ணைவிளையில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து சேர்ந்தாள். அந்த ஆண்டே அவரது குழு டோனாவூரில் நிலைகொண்டது. 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தனர்.

பிரிஸ்டலில் முதற்கவலை பணமும் உணவுமாக இருந்தது. இங்கு அதற்கு முன்பாக வேறொரு கவலை நின்றது: ஆபத்திலிருக்கும் பிள்ளையைக் கண்டறிவதும் அவளை இழக்காமல் காப்பதும். ஆகவே ஜெபம் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லும் ஜெபமாயிற்று. பணத்துக்காக மனிதரிடம் கையேந்துவதில்லை என்ற நெறி இங்கும் தொடர்ந்தது.

வளர்ப்போர் கிடைப்பதே பெரும் சிக்கலாக இருந்தது. தான் பெறாத சிசுவைக் குளிப்பாட்டித் துடைப்பது இழிந்த வேலையாகக் கருதப்பட்ட காலம் அது. சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுவை முன்னிறுத்தி, அந்த வேலையும் ஊழியமே என்று கார்மைக்கேல் கற்பித்தார். இளம் விதவையான பொன்னம்மாள் நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி நடந்த குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். 1915இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, டோனாவூரில் வளர்ந்த இளம்பெண்கள் எழுவரோடு ஒரு சகோதரியர் குழு உருவானது. ஜெபத்தையும் அன்றாட வேலையையும் பிரிக்காத வாழ்வே அதன் இலக்கு. காக்கப்பட்ட பிள்ளைகள் காப்பவர்களாக மாறிய இடம் இது. 1927இல் ஜெப வீடு கட்டி முடிந்தது. மருத்துவமனை அதற்குப் பின்னரே எழுந்தது. 1931இல் தவறி விழுந்த கார்மைக்கேல், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். எழுத்தும் ஜெபமும் அவருடைய பணியாயின. அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நாட்டப்படவில்லை. அங்குள்ள பறவைகளுக்கான நீர்த்தொட்டியில் ‘அம்மா’ என்ற சொல் மட்டும் பொறிக்கப்பட்டது.

ஜெபமும் சட்டமும்

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி உள்ளிட்டோர் நடத்திய போராட்டம் 1947இல் சென்னை மாகாணச் சட்டமாக நிறைவேறியது. ஜெபத்தால் ஒரு பிள்ளையை மீட்பதும் சட்டத்தால் அனைவரையும் காப்பதும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதற்கு இது சான்று. 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றபின், குழந்தையை இரக்கத்துக்குரியவராக மட்டுமன்றி உரிமை உடையவராகவும் காணும் பார்வை திருச்சபைகளிலும் வலுப்பெற்றது. 1990களில் தொடங்கி, ஜூன் முதல் வார இறுதியில் பல நாடுகளின் சபைகள் ஆபத்திலுள்ள குழந்தைகளுக்காக ஒருமித்து ஜெபிக்கின்றன. திக்கற்றோரை வாழ்த்தி அனுப்பிவிடாமல் சென்று பார்க்கச் சொன்ன யாக்கோபின் நிருபமே இத்தனை மாற்றங்களுக்கும் அளவுகோலாக நின்றுள்ளது.