நுரைக்கு லைசன்ஸ் உண்டா?

போன விடுமுறையில் நாங்கள் நாலுபேரும் ஊரில் இருந்த நேரம், வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மெல்பர்னில் படிக்கும் கூட்டாளி அனுப்பினது. சமையலறை மேசையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் ஒரு தகர டின், சின்னதாக ஒரு ஈஸ்ட் பைக்கட். கீழே ஒரு வரி: "வீட்டிலயே சொக்லேட் ஸ்டவுட் காய்ச்சுறன் மச்சான்."

'காய்ச்சுறன்' என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நுரைச்சோலையில் ஒருத்தர் 'காய்ச்சுறார்' என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கசிப்பு. அந்தச் சொல்லுக்குள்ளேயே பொலிஸ் ஜீப் ஒன்று நிற்கும். "இதை இங்க செஞ்சா என்ன நடக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். "வேற என்ன, உள்ளதான்" என்று மற்றவன். எங்களில் இரண்டுபேருக்குப் பியர் என்பதே ஹராம், வாயில் வைத்ததில்லை, வைக்கப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நாலுபேரையும் விடவில்லை. ஒரே வாளி, ஒரே ஈஸ்ட். அங்கே பொழுதுபோக்கு, இங்கே குற்றம். ஏன்?

முதலில் அந்த டின். அதற்குள் இருப்பது பார்லியை முளைக்கவைத்து, ஊறவைத்து, சாறெடுத்து, தேன் மாதிரி வற்றவைத்த மோல்ட் பாகு. ஹொப்ஸ் கசப்பும் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். சுடுநீரில் கரைத்து, சீனி போட்டு, இருபது லீட்டர் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஆறினதும் ஈஸ்ட் தூவி மூடிவைக்க வேண்டும். ஒன்று, இரண்டு கிழமையில் நொதித்து முடியும். பிறகு போத்தலில் ஊற்றி ஒரு சொட்டுச் சீனி போட்டு அடைத்தால், உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று வாயு உண்டாக்கும். நுரை வருவது அதனால்தான். அவ்வளவுதான் வேலை.

ஆனால் இந்த டின் கடைக்கு வந்த கதை சமையல் கதையில்லை, சட்டக் கதை. இங்கிலாந்தில் ஒரு காலம் வீட்டில் பியர் செய்வது சோறு சமைப்பது போல. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மோல்ட் மீதிருந்த வரியை எடுத்துவிட்டு பியர் மீது வரி போட்டார். அதோடு வீட்டில் செய்பவர்களும் லைசன்ஸ் எடுக்கவேண்டி வந்தது. அந்த லைசன்ஸை நீக்கியது 1963இல்தான், நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் காலத்தில். அதற்குப் பிறகுதான் அங்கே இந்த மாதிரிக் கிட்டுகளுக்குப் பெரிய சந்தை உண்டானது. அமெரிக்காவில் கதை இன்னும் வேடிக்கை. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அந்த நாட்களில் பெரிய பியர் கம்பனிகளே மோல்ட் பாகை டின்னில் அடைத்து 'பாண் செய்வதற்கு' என்று விற்றன. எத்தனைபேர் பாண் செய்தார்கள் என்று கேட்கக்கூடாது. மதுவிலக்கு முடிந்தும் வீட்டில் பியர் செய்வது சட்டவிரோதமாகவே கிடந்தது. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்து வைத்த பிறகுதான் கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு வழி திறந்தது. ஆக மெல்பர்ன் மேசையில் இருக்கும் அந்த வாளி, 'சரி, வீட்டுக்குச் செய்துகொள், விற்காதே' என்று அரசுகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்ததன் விளைவு.

சொக்லேட் விஷயத்தையும் சொல்லிவிடுவோம், இதில் நாங்களே ஏமாந்தோம். சொக்லேட் ஸ்டவுட் என்றால் கொக்கோ இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. பல ஸ்டவுட்டுகளில் அந்தச் சுவை வருவது கறுக்க வறுத்த மோல்ட்டில் இருந்து. அதன் ஒரு வகைக்குப் பெயரே 'சொக்லேட் மோல்ட்'. 1817இல் டானியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மோல்ட்டை எரியவிடாமல் கறுப்பாக வறுக்கும் உருளை ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். இப்போதைய கறுப்பு ஸ்டவுட்டின் நிறமும் வாசமும் அந்த உருளைக்குள் இருந்து வந்தவை என்று சொன்னால் பெரிய பிழையில்லை. அதற்கு முன்னர் இது லண்டனில் மூட்டை சுமந்தவர்கள் குடித்த 'போட்டர்'. போட்டரில் கடுமையானது 'ஸ்டவுட் போட்டர்'. பிறகு போட்டர் விழுந்து ஸ்டவுட் நின்றது. கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பியபோது கெடாமல் இருக்க இன்னும் கடுமையாக்கினார்கள். கின்னஸ் 1801இலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று தனியாக ஒரு போட்டர் செய்தது.

இலங்கைக்கு அது வந்த வழி மலைவழி. பின்னாளில் ஆபிரிக்கப் பயணங்களால் பேர்பெற்ற சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவைக்கப் பார்த்தார். மாடு, விதை, கொல்லன் எல்லாம் கப்பலில் வந்தன. அங்கே பியர் வடித்த கதையும் அவர் பெயரோடுதான் தொடங்கும். 1881இல் சிலோன் புரூவரி வர்த்தக அளவில் அங்கே எழுந்தது. ஏன் நுவரெலியா என்று யோசித்தால் காரணம் எளிது. இப்படியான பியருக்கு ஈஸ்ட் இருபது பாகை செல்சியஸ் அளவில்தான் ஒழுங்காக வேலைசெய்யும். முப்பதைத் தாண்டினால் அவசரப்பட்டு, குடித்தவனுக்குத் தலையிடி தரும் கனமான அற்ககோல்களை உண்டாக்கும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இந்தத் தீவில் அந்தக் குளிர் கிடைத்த இடம் அந்த மலைதான். பார்லியும் ஹொப்ஸும் வெளிநாட்டில் இருந்து வந்தன. மலைக்காற்றும் தண்ணீரும் மட்டும் உள்ளூர்.

அந்த வடிசாலையின் லயன் ஸ்டவுட் பின்னாளில் உலகப்புகழ் பெற்றது. மைக்கல் ஜக்சன் என்று ஒரு பிரித்தானியர் (பாடகர் இல்லை, பியர் எழுத்தாளர், 2007இல் இறந்தார்) அதைப் பற்றி எழுதி வெளிநாட்டில் பெயர் வாங்கிக்கொடுத்தார். எட்டு வீதத்துக்கு மேல் அற்ககோல், கோப்பிச் சுவை, சொக்லேட் சுவை. உற்பத்தி இப்போது பியகமவில். அமெரிக்காவில் வீட்டுப் பியர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்யும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு தன் கையேட்டில் 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. அதற்கு உதாரணமாகக் காட்டும் பியர்களில் லயனும் ஒன்று. இதைக் கண்டதும் எங்களுக்குக் கொஞ்சம் ஆத்திரமே வந்தது. ஒஹாயோவில் ஒரு மாமா தன் கராஜில் இலங்கை ஸ்டவுட்டைப் போலச் செய்து போட்டியில் பரிசு வாங்கலாம். இலங்கையில் ஒருத்தரும் அதை வீட்டில் தொடக்கூடாது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். நுரைச்சோலை என்றதும் மற்றவர்களுக்கு நினைவுவருவது நிலக்கரி மின்நிலையம், தொளாயிரம் மெகாவாட், அந்தப் புகைபோக்கி. அம்பாறையிலும் ஒரு நுரைச்சோலை இருப்பதால் வீட்டுத்திட்டமா என்று கேட்பவர்களும் உண்டு. எங்களுக்கு இது கற்பிட்டிக்குப் போகும் வழியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில், மணலில் வெங்காயமும் மிளகாயும் தென்னையும் நிற்கிற ஊர். இந்த வெக்கையில் மெல்பர்ன் டின்னைத் திறந்தால் ஸ்டவுட் வராது, தலையிடிதான் வரும். ஆனால் இந்த வெக்கைக்கென்றே ஒரு பானம் இங்கே முதலில் இருந்தே இருக்கிறது. அதற்கு வாளி வேண்டாம், டின் வேண்டாம், ஈஸ்ட் பைக்கட்டும் வேண்டாம்.

தென்னம்பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, நுனியைச் சீவினால் சாறு சொட்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது இனிப்பாகவே இருக்கும், கருப்பட்டிக்கு ஆகும். பூசாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே வந்து குடியேறி, மரத்தில் இருக்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மத்தியானம் கள்ளு, இன்னும் விட்டால் வினாகிரி. இரண்டு கிழமை காத்திருக்கிற பேச்சே இல்லை. இடத்துக்கும் வெப்பத்துக்கும் பொருந்தின நொதிப்பு என்றால் இதுதான்.

அப்படியானால் இது ஏன் வீட்டுக் கைவேலையாக நிலைக்கவில்லை? ஏனென்றால் ஆண்டவர்களுக்கு இது பானமாகத் தெரியவில்லை, கஜானாவாகத் தெரிந்தது. ஒல்லாந்தர் சாராய உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். ஆங்கிலேயர் அதையே பெரிதாக்கினார்கள். ஏலத்தில் குத்தகை எடுத்தவர் மட்டும்தான் அந்தப் பகுதியில் விற்கலாம். குமாரி ஜயவர்தன 2000இல் எழுதின நூலில், இந்தச் சாராயக் குத்தகைப் பணம்தான் இலங்கையின் புது முதலாளி வர்க்கத்தை எழுப்பிய பெரிய ஊற்றுகளில் ஒன்று என்று காட்டியிருப்பார். பின்னால் கல்லூரி கட்டினவர்கள், அரசியல் செய்தவர்கள் பலரின் வீட்டு அத்திவாரத்தில் தென்னம்பாளை கிடக்கிறது. பாளையைச் சீவினவரின் வீட்டில் என்ன கிடந்தது என்று கேட்டால், சாதிப் பேரும் ஏறுகயிறும்தான்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. லைசன்ஸ் இல்லாமல் மது செய்யக்கூடாது, கள்ளுக்காக மரத்தையும் சீவக்கூடாது. இன்றைக்கும் மதுவரித் திணைக்களம் நிற்பது அதே சட்டத்தின் மேல், திருத்தங்களோடு. அதே வருடம் அரசு நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறக்கப்போனபோது மதுஒழிப்பு இயக்கம் கொதித்தெழுந்தது. டி. எஸ். சேனநாயக்க, எஃப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றவர்கள் மேடையேறினது அங்கேதான். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. குடியை விற்று வருமானம் தேடும் அரசை எதிர்த்தது நியாயம். ஆனால் அந்த எதிர்ப்பு முழக்கத்தில் குத்தகைக்காரரும் சீவல்காரரும் ஒரே தட்டில் போனார்கள். இது எங்கள் வாசிப்பு, மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

வடக்கில் 1972இல் இருந்து சீவல் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானது இந்த வரலாற்றில் ஓர் அபூர்வமான திருப்பம். இடைத்தரகரை விட்டுத் தொழிலாளியே தன் கள்ளைச் சங்கத்துக்குக் கொடுத்து விற்க வழி வந்தது. யாழ்ப்பாணத்துத் தவறணைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பகிடியை மட்டும் பேசாமல் இதையும் பேசவேண்டும். கடலுக்கு அந்தப்பக்கம் இன்னும் கூத்து. தமிழ்நாட்டில் 1987 தொடக்கம் கள்ளுக்குத் தடை, 2003இல் இருந்து டாஸ்மாக் கடையில் அரசே பியரும் பிராந்தியும் விற்கிறது. மரத்தில் வருவது குற்றம், ஆலையில் வருவது வருமானம்.

பெண்கள் விஷயத்தையும் விடக்கூடாது என்று எங்களில் ஒருத்தி பிடிவாதமாக நிற்கிறாள், நியாயம்தான். 1979இல் இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று ஒரு மதுவரி விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பப்பெறச் சொன்னார். "நான் வாங்கப்போறதில்லை, ஆனா வாங்கக்கூடாது எண்டு ஏன் எனக்கு மட்டும் எழுதி வைச்சிருந்தாங்க?" என்பது அவளின் கேள்வி.

இதையெல்லாம் எழுதும்போது குடியைக் கொண்டாடுகிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். களப்போரத்துக் கண்டல் காடுகளுக்குள் கசிப்புக் காய்ச்சுகிற கதையை ஊரில் கேட்டுத்தான் வளர்ந்தோம். அதைக் குடித்துக் குடும்பம் சிதறின வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. ஆனால் கசிப்பு எங்கிருந்து வருகிறது? லைசன்ஸ் சாராயம் விலை ஏற ஏற, ஏழைக்கு மிஞ்சுவது சீனியும் ஈஸ்ட்டும் போட்டு ஒளித்துக் காய்ச்சினதுதான். ஒளிக்கவேண்டி வந்ததும் சுத்தம் போய்விடும், அளவு போய்விடும். கள்ளை யாரும் அப்படி ஒளித்துச் செய்யமுடியாது, அது மரத்தின் உச்சியில் எல்லோருக்கும் தெரியத் தொங்கும்.

அன்று பின்னேரம் சந்தியில் அப்பம் சுடும் உம்மாவிடம் போனோம், அப்பத்துக்கு மா எப்படிப் புளிக்கவைக்கிறீர்கள் என்று கேட்க. அவரின் உம்மா காலத்தில் அடுத்த தோட்டத்துச் சீவல்காரர் விடியவே ஒரு சிரட்டை கள்ளு கொண்டுவந்து கொடுப்பாராம். மாவுக்கு மட்டும்தான், வீட்டில் வேறு எதற்கும் கள்ளு வராது. அந்த மாவு பொங்கினால் சட்டி மூடியையே தள்ளிவிடுமாம். "இப்ப யாரு மகன் தாறாங்க? அந்தாளுக்கும் லைசன்ஸ் இல்ல, பயம்" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் இருந்து ஒரு பைக்கட்டை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டு ஈஸ்ட். மெல்பர்ன் படத்தில் டின்னுக்குப் பக்கத்தில் கிடந்ததைப் போலவே ஒன்று.