நிலத்துக்குரியோரும் நகரத் திட்டமும்

ஒரு நகரின் அமைப்பு, அதனை வகுத்தோரின் கல்வித்திறனை மட்டுமன்றி, அவர்கள் எவரைக் கேட்டு வகுத்தனர் என்பதனையும் புலப்படுத்தும். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரேசர் நதி கடலொடு கலக்குமிடத்தில் மஸ்குவியம் எனும் ஆதிக்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். நதிமுகத்தில் வளரும் ஒரு தாவரத்தின் பெயரே குடிப்பெயராயிற்று என்பது அவர்தம் மரபுரை. மாரியில் பலகையாலான நெடுமனைகளில் ஒருங்கே வாழ்ந்த அவர்கள், கோடையில் மீன்பிடித் தலங்களுக்குப் பெயர்ந்தனர். எத்தலம் எக்குடும்பத்தார்க்கு உரியது என்பதனை மரபே வரையறுத்தது. ஏட்டில் எழுதப்படாவிடினும் இதுவும் திட்டமிடலேயாம்.

ஆதிக்குடிகளை 'இந்தியர்' எனக் குறித்த 1876ஆம் ஆண்டுச் சட்டம், அவர்தம் ஒதுக்கு நிலங்களின் நிருவாகத்தை அரசிடம் ஒப்படைத்தது. தம் நிலத்தைத் தாமே குத்தகைக்கு விடும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை. 1957இல் மஸ்குவியம் குடியினர் 162 ஏக்கர் நிலத்தைக் கொல்வ் கழகமொன்றுக்குக் குத்தகைக்கு விட இசைந்தனர். ஆயின் 1958இல் அதிகாரிகள் எழுதிய உடன்படிக்கை, குடியினர் ஏற்றவற்றிலும் பாதகமான நிபந்தனைகளைக் கொண்டிருந்தது. அதன் பிரதி 1970 வரை அவர்கள் கைக்கு எட்டவில்லை. குடித்தலைவர் டெல்பேர்ட் கெரினும் பிறரும் தொடுத்த வழக்கில், 1984இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அரசு தன் நம்பிக்கைப் பொறுப்பினின்றும் வழுவியதெனத் தீர்த்து, ஒரு கோடி டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது.

பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகம் அமைந்திருப்பதும் இக்குடியினர் ஒருபோதும் விட்டுக்கொடாத நிலத்திலேயாம். அங்கு 2012இல், மஸ்குவியம் குடியினரின் கூட்டுறவுடன், ஆதிக்குடிச் சமூகத் திட்டமிடல் முதுமாணிக் கல்வியின் ஒரு துறையாயிற்று. நிலப்படமும் புள்ளிவிவரமும் மட்டுமன்றிக் குடியேற்ற ஆட்சியின் வரலாறும் ஆதிக்குடிகளின் உரிமைகளும் ஆங்குப் பாடங்களாம். மாணவர் ஓர் ஆதிக்குடிச் சமூகத்தை அடுத்து, முதியோர் சொற்கேட்டு, அச்சமூகம் தனக்கென வகுக்கும் திட்டத்திற்குத் துணைபுரிந்து பயில்கின்றனர். கற்பிக்கச் செல்லும் நிபுணர் என்ற நிலைமாறி, கேட்கச் செல்லும் மாணாக்கராதலே இக்கல்வியின் தனிச்சிறப்பு.

ஒரு பாடநெறியால் நிலவழக்குகள் யாவும் தீர்ந்துவிடா. எனினும், உடன்படிக்கையின் பிரதிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த மக்கள், இன்று திட்டமிடுவோரைப் பயிற்றுவிப்பதிற் பங்காளராயுள்ளனர். உரியோரைக் கேளாது வகுக்கப்படும் திட்டம், எத்துணை நுட்பமாயினும் நீதியாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.