சுரைக்குடுக்கைப் பாடம்

கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் பக்கம் அறுபது தாண்டிய ஆம்பளை ஒருவரிடம், "உங்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரும் சொல்லித் தரல, தானா வந்துச்சு" என்பார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பெரியப்பா கயிறு கட்டி இறக்கினார், மாமா படியில் உட்காரவைத்துக் காலடிக்கச் சொன்னார், பக்கத்துக் காட்டு அண்ணன் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்கினார். தானாக எதுவும் வரவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாடங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் தேறினால்தான் அடுத்தது. எழுதிவைக்காததால் அதைப் படிப்பு என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அடிவாரத்தில் பிறந்து கிணற்றில் நீந்தப் பழகியவன். பிறகு கல்வராயன் மலையேறி, கரியாலூர்ப் பக்கம் வாத்தியாராகக் காலம் தள்ளினேன். கீழே ஒரு தண்ணீர், மேலே ஒரு தண்ணீர். இரண்டுக்கும் பாடம் வேறு என்பது மேலே போன பிறகுதான் புரிந்தது.

கீழே எங்களுக்குப் பள்ளிக்கூடம் கவலைக் கிணறு. மாடு கட்டிச் சால் இறைத்த காலத்துக் கிணறு, வீட்டைவிட அகலம். உள்சுவரில் கற்களைத் துருத்திவிட்டு வைத்த படி, தண்ணீருக்குள்ளும் இறங்கிப் போகும். முதல் பாடம் அந்தப் படியில்தான். தண்ணீரை ஒட்டின கல்லில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து காலை நீட்டி அடிக்கச் சொல்வார்கள். முழங்காலை மடக்கினால் தலையில் குட்டு விழும். அடுத்தது முங்கல். படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டு, கண்ணைத் திறந்து, வாயால் குமிழி விட்டுவிட்டு எழ வேண்டும். மூக்கைப் பொத்தக் கூடாது. மூச்சு வசப்படாத பையனுக்கு அடுத்த பாடம் கிடையாது, அவன் எத்தனை நாள் அழுதாலும் சரி.

அதற்குப் பிறகுதான் சுரைக்குடுக்கை. முற்றவிட்டுப் பறித்த சுரைக்காயை நன்றாகக் காயவைத்து, இரண்டைப் பிணைத்து முதுகில் கட்டுவார்கள். சுரை இல்லாத வீட்டில் நெற்றுத் தேங்காய் இரண்டு. அதுவும் இல்லையென்றால் கல்யாண முருங்கைக் கட்டை, அதற்கு எடையே இருக்காது. இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை மேலே நிற்கும் பெரியவர் கையில்.

இந்த இடத்தில்தான் வாத்தியாரின் கைவண்ணம். முதல் சில நாள் கயிறு விறைப்பாக இருக்கும், பையன் பாதி தொங்கிக்கொண்டே நீந்துவான். பிறகு பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். "கயிறு இருக்குதுடா, அடி, அடி" என்ற குரல் மட்டும் தளராது. இன்னொரு நாள் இரண்டு குடுக்கையில் ஒன்றைக் கழற்றிவிடுவார். உடம்பு ஒரு பக்கம் சாயும், அதைச் சமாளிக்கக் கை தானாக வேலை செய்யப் பழகும். கடைசியில் குடுக்கையும் போய், கயிறு மட்டும் மீனுக்குப் போட்ட தூண்டில் மாதிரி தண்ணீரில் தொளதொளவென்று கிடக்கும். மூலையிலிருந்து மூலைக்குப் போய்ப் படியைத் தொட்ட பிறகு பையன் திரும்பிப் பார்த்தால், பெரியவர் மறுமுனையைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

நாய் நீச்சல் வந்ததும் மல்லாந்து மிதக்கக் கற்க வேண்டும். கை ஓய்ந்தால் உயிரைக் காப்பது அதுதான் என்று சொல்லியே பழக்குவார்கள். பிறகு படியிலிருந்து குதி, மேட்டிலிருந்து குதி, தலைகீழ்ப் பாய்ச்சல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பரீட்சை உண்டு: முங்கிப் போய் அடிமண்ணை அள்ளிக்கொண்டு வர வேண்டும். உள்ளங்கையைத் திறந்து காட்டினால்தான் நம்புவார்கள்.

இந்தப் பரீட்சைக்கு வயது கொஞ்ச நஞ்சமில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் கோல் ஊன்றி நடக்கும் கிழவர் ஒருவர் தன் இளமையை நினைத்து ஏங்குகிறார். தண்ணீரின் மேல் சாய்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மலைக்கும்படி மடுவில் பாய்ந்து மணல் எடுத்து வந்தாராம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் எங்கள் கிணற்றில் அதே பரீட்சைதான் நடந்தது. மாணவர்களுக்கு அது இலக்கியம் என்பது தெரியாது, அவ்வளவே.

இதைச் சொல்லும்போது பாதி உண்மையை விட்டுவிடக் கூடாது. கிணற்றுப் பள்ளியில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. தண்ணீர் மொள்ளவே விடாத கிணற்றில் சேரிப் பிள்ளைகளைக் குதிக்க விடுவார்களா? 1927இல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் அந்தப் பிள்ளைகள் ஏரியிலும் ஆற்றிலும் தாங்களே பழகிக்கொண்டார்கள். அங்கே படிக்கல்லும் இல்லை, கயிறு பிடிக்க மேட்டில் ஆளும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் எங்கேயும் இடமில்லை. சின்ன வயதில் அண்ணனோடு இறங்கியவர்களைக்கூட, கொஞ்சம் வளர்ந்ததும் "போதும், மேலே வா" என்று கூப்பிட்டுவிட்டார்கள். துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் நாள் தவறாமல் நீர்க்கரைக்குப் போனவர்கள் அவர்கள்தான். நீந்தத் தெரியாமல் போனவர்களும் அவர்களே.

கவலை போய் ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு கரண்ட் மோட்டார். மோட்டார் ரூம் கூரைதான் எங்கள் தலைமுறைக்குக் குதிக்கும் மேடை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. பயிருக்கு அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் நிலத்தடி நீர் இறங்க இறங்க ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. திறந்த கிணற்றின் படிக்கற்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன, கடைசிப் படிக்கும் கீழே போனது தண்ணீர். பல கிணறுகளில் இப்போது சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. கிணற்றோடு பாடமும் வற்றியது.

தண்ணீர் மட்டும் வேறு இடங்களில் தேங்கிக்கொண்டே வந்தது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகிக்கு, கச்சிராயபாளையத்தை ஒட்டி 1960களில் அணை கட்டினார்கள். அதன் முழு மட்டம் 46 அடி. ஊருக்கு ஊர் தடுப்பணை வந்தது. கல் உடைத்த குவாரிக் குழிகளில் மழைநீர் நின்றது. மணல் அள்ளிய ஆற்றில் பள்ளங்கள் விழுந்தன. எங்கள் கிணற்றில் எந்தக் கல்லுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பது ஊருக்கே மனப்பாடம். இந்தப் புதுத் தண்ணீரின் அடி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளை அடுத்த எட்டில் காணாமல் போகும்.

2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்தில் கெடிலத்தில் குளிக்கப் போன 7 பேர் மூழ்கி இறந்தார்கள். அத்தனை பேரும் சிறுமிகள், இளம்பெண்கள். எங்கள் மாவட்டத்தில் பிறந்து ஓடும் ஆறு அது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவியர் 4 பேர் மாயனூர்க் காவிரியில் போனார்கள். "போதும், மேலே வா" என்று நாம் கூப்பிட்டதன் விலையை இந்த இரண்டு செய்திகளிலும் படிக்கலாம்.

மலைக்கு வருவோம். மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் முழுதாக அரசின் கைக்கு வந்தது. சாலையும் பள்ளியும் பெருகியது அதற்குப் பிறகு. மேலே ஏரிகள் அரிது, அகலக் கிணறு அதைவிட அரிது. இருப்பது ஓடை, பாறை, அருவி. நான் போன புதிதில், நீந்தத் தெரிந்தவர் யார் என்று வகுப்பில் கேட்டேன். ஓரிரு கைகள்தான் உயர்ந்தன. அடிவாரத்துக்காரன் என்ற மிதப்பில் கொஞ்சம் சிரித்தும் வைத்தேன்.

பிறகு அவர்களோடு ஓடையோரம் நடக்கும்போது பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த மத்தியானம். பாறையைத் தாண்டப் போன என்னை ஒரு பையன் நிறுத்தினான். "சார், நில்லுங்க. சருகு வருது." தண்ணீரில் காய்ந்த இலையும் குச்சியும் ஒன்றிரண்டாக மிதந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் நிறம் மங்கியது, பிறகு மேலே எங்கோ சத்தம் மாறியது. நான் கால் வைக்கவிருந்த பாறை செம்மண் தண்ணீருக்குள் போய்விட்டது. மழை எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டும் விழவில்லை, உச்சியில் பெய்திருக்கிறது. எந்தப் பாறையில் பாசி வழுக்கும், அருவி விழும் குழியில் ஏன் இறங்கக் கூடாது, காட்டாறு எப்போது வரும் என்று மலைப் பிள்ளைகளுக்கு அவர்கள் தாத்தன் பாட்டி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கீழே எங்களுக்கு இறங்கக் கற்றுத் தந்தார்கள், மேலே அவர்களுக்கு இறங்காமலிருக்கக் கற்றுத் தந்தார்கள். பெரியார் அருவிக்கு வேனில் வந்து இறங்கும் வெளியூர்ப் பையன்களுக்கு இரண்டில் ஒன்றும் வாய்ப்பதில்லை.

கரியாலூரில் இப்போது படகுக் குழாம் இருக்கிறது. ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் சுரைக்குடுக்கையின் பேரப்பிள்ளை என்று தோன்றும். குடுக்கை ஒருநாள் கழற்றுவதற்கென்றே கட்டப்பட்டது. ஜாக்கெட்டைக் கழற்றித் தந்தபின் தண்ணீரில் என்ன செய்வது என்பதை யாராவது தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை எழுதிவைத்து நடத்த முடியுமா என்றால், பக்கத்து நாடொன்று நடத்தியே காட்டியிருக்கிறது. குளம் குட்டை நிறைந்த வங்கதேசத்தில், விபத்துத் தடுப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று யுனிசெஃப், ஆஸ்திரேலிய உயிர்காப்பு நீச்சல் சங்கத்தோடு சேர்ந்து 2000களின் நடுவில் 'ஸ்விம்சேஃப்' என்று ஆரம்பித்தது. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் அடைப்பும் மேடையும் கட்டி, உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி தந்து, 4 வயது முதல் பிள்ளைகளை இறக்குகிறார்கள். மூச்சு, மிதப்பு, காலடி, கைவீச்சு என்று படிப்படியாகப் போகும் பாடம். முடிவில் 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், மூன்றாவதாகத் தண்ணீரில் இறங்காமல் ஒருவரைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். முதல் இரண்டும் எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும்.

மூன்றாவதை நாங்கள் படிக்கவேயில்லை. யாராவது தத்தளித்தால் குதி என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வீரம். மூழ்குபவர் கழுத்தைக் கட்டிக்கொள்ள, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன கதை எல்லா ஊரிலும் உண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் 4 பேர் தத்தளித்தபோது, செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், அனந்தவல்லி என்ற மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி 2 பேரை இழுத்துப் போட்டார்கள். அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர்கள் செய்தது பாடப்புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டிய காரியம்: துணியோ, கொம்போ, கயிறோ நீட்டு. நீ கரையில் நில்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஐ.நா. அதே ஆண்டு ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. அந்த நாளில் கூட்டம் போட்டு உறுதிமொழி எடுப்பதோடு நிறுத்தாமல், கோடை விடுமுறையில் ஊருக்கு ஒரு நல்ல கிணறோ குளமோ பார்த்து வகுப்பைத் தொடங்கலாம். முதல் வரிசையில் பெண் பிள்ளைகளை நிறுத்த வேண்டும், சாதி பார்த்து இறக்கும் கிணறு வேண்டவே வேண்டாம். சருகு வரும் சேதியைச் சொல்லிக்கொடுக்க மலையிலிருந்து யாரையாவது அழைத்து வரலாம். கிணற்றில் பழகிய கடைசித் தலைமுறைக்கு அறுபது தாண்டிவிட்டது, கயிறு பிடிக்க இன்னும் கையில் பலம் இருக்கிறது. கூப்பிட்டால் வருவார்கள். பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டால் வர ஆள் இருக்காது.