டண்டிச் சாக்கும் டிக்கோயாப் படங்கும்

டிக்கோயாவில் டன்கெல்ட் என்றொரு தோட்டம் உண்டு. ஸ்கொட்லாந்தில் டே நதிக்கரையில் இருக்கும் சிற்றூரின் பெயர் அது. அக்கரப்பத்தனையில் பெல்மோரல், தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ என்று துரைமார் விட்டுவந்த ஊர்களையெல்லாம் மலையில் நட்டுவைத்தார்கள். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். இதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. சாக்கைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அதே டே நதி கடலோடு சேரும் முகத்தில் டண்டி நகரம். 1830களில் அங்குள்ள ஆலைகள் வங்காளச் சணலை இயந்திரத்தில் நூற்கப் பழகின. சணல் முரட்டு நார். திமிங்கில எண்ணெய் விட்டுப் பதப்படுத்தினார்கள். திமிங்கில வேட்டைத் துறைமுகம் என்பதால் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆலையில் பெரும்பாலோர் பெண்கள். கூலி குறைவு என்பதால் முதலாளிகளுக்கு அவர்களே வசதி. வேலை கிடைக்காத புருஷன்மாரை, வீட்டில் கேத்தல் கொதிக்கவைப்பவர்கள் என்று ஊர் கேலி செய்தது. அந்தப் பெண்களின் சாப்பாடு பெரும்பாலும் பாணும் தேநீரும். 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் சணல் ஆலை எழுந்தது. டண்டியிலிருந்து இயந்திரம் வந்தது, பிறகு மேற்பார்வைக்காரர்களும் வந்தார்கள். கடைசியில் கல்கத்தா டண்டியையே முந்திவிட்டது.

பர்மாவிலும் இந்தியாவிலும் விளைந்த அரிசி மலைக்கு இந்தச் சணல் சாக்கில்தான் ஏறியது. தோட்டமே அதைத் தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழ, அங்கிருந்து அரிசி வரத்து நின்றது. கோதுமை மா லயத்துக்குள் வலுவாகக் கால் ஊன்றியது. இன்றைக்கும் மலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போவது ரொட்டியும் சம்பலும்தான்.

அரிசி தீர்ந்த சாக்கைப் பிரித்து இடுப்பில் சுற்றினால் படங்கு. விடியற்காலைப் பனியில் நனைந்த செடிகளுக்குள் இறங்கும் பெண்ணின் சேலை ஈரமாகாமல், வாது கீறாமல் காத்தது அதுதான். டண்டிக்காரி குடித்த தேநீரின் கொழுந்து, சணல் கட்டிய இப்படியொரு பெண் கிள்ளியதாகவும் இருந்திருக்கலாம்.

ஸ்கொட்லாந்து மக்கள் தங்கள் வரலாற்றை 160 துணிப் பலகைகளில் ஊசியால் தைத்து 2013இல் காட்சிக்கு வைத்தார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் பேர் கைவேலை. நம் பெண்களும் அப்படித் தைக்க உட்கார்ந்தால், துணிக்குப் பழைய படங்கே போதும் என்பேன்.

இடுப்புக்குப் படங்கு என்றால், தலைக்கும் முதுகுக்கும் கம்பளி. மழைக்கும் குளிருக்கும் அது ஒன்றுதான். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. வழிச்செலவு, முற்பணம், அரிசி என்று ஏறிய பற்றில் கம்பளியின் விலையும் ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் கடன் தொகை எழுதிய துண்டும் கூடவே போகும். புதிய தோட்டம் அதைக் கட்டவேண்டும். 1921இல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை இந்த வியாபாரம் நடந்தது. அதில் கங்காணிமார் எவ்வளவு பார்த்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)