உறைபனிக் காலையில் இரண்டு மாருதி

உதகையில் ஒரு மார்கழிக் காலை. புல் வெளுத்துக் கிடக்கிறது, கார்க் கண்ணாடியில் உறைபனி. வாசலில் நிற்கும் பழைய மாருதி 800-இல் சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. போனில் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: "கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐயா?"

சரியான கேள்வி. 1983 டிசம்பரில் வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இந்தக் காரின் ஆயுளை இரண்டாகப் பிரிப்பது அதுதான். 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ற அடிப்படை மாறவில்லை. பெட்ரோலைக் காற்றோடு சேர்க்கும் வேலைதான் 2000 வாக்கில் கார்புரேட்டரிடமிருந்து இன்ஜெக்டர்களுக்கு, அதாவது எம்பிஎஃப்ஐக்கு, போனது.

சூடேறிய எஞ்சினுக்கு, எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும். குளிரில் இந்தக் கணக்கு செல்லாது. உள்ளே போகும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டும் எரியக் கிடைக்கிறது. மீதி குளிர்ந்த சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதைப் பழைய வண்டியில் சோக் குமிழை இழுக்கும் ஓட்டுபவரின் கை முடிவு செய்கிறது. புதியதில் ஒரு சென்சார் சொல்ல, எஞ்சினின் கணினியான ஈசியூ முடிவு செய்கிறது. பழுது தேடும் வழிகள் இங்கேதான் பிரிகின்றன.

கார்புரேட்டர் வண்டியில் கண்ணும் மூக்கும் போதும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவரைச் சோக் குமிழை இழுக்கச் சொல்லுங்கள். மேலே காற்றை மறிக்கும் தகடு முழுக்க மூடுகிறதா? குமிழ் முழுசாக வந்தும் தகடு பாதியில் நின்றால் கேபிள் நழுவியிருக்கிறது. அடுத்து, எஞ்சினை ஓடவிடாமல் திராட்டில் நெம்புகோலைக் கையால் தள்ளினால் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் மிதவை அறை காலியாக இருக்கலாம். நாள்கணக்கில் நின்ற வண்டியில் அறையிலிருந்த பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பெட்ரோல் பம்பின் வால்வு தேய்ந்திருந்தால் குழாயிலிருந்ததும் டாங்கிக்கே திரும்பியிருக்கும். அப்படிப்பட்ட வண்டி நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கும். இந்த நேரத்தில் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம். ஒருமுறை பேக்ஃபயர் ஆனால் முகத்துக்கு நேரே தீ.

மலைக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கார்புரேட்டருக்குக் காற்றின் அடர்த்தி தெரியாது. கோயம்புத்தூரில் டியூன் செய்த வண்டி மேலே வந்ததும் தானாகவே பெட்ரோல் தூக்கலாகிவிடுகிறது. அதன்மேல் முழுச் சோக்கும் இழுத்து, ஆக்சிலேட்டரையும் நாலு மிதி மிதித்தால் ஓவர்ஃப்ளோதான். அதனால் மலையில் பிடிக்காத கார்புரேட்டர் வண்டி பட்டினி கிடக்கிறது என்று எடுத்தவுடன் முடிவு கட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றினால் ஈரமும் பெட்ரோல் வாடையும் உண்மையைச் சொல்லிவிடும்.

எம்பிஎஃப்ஐ வண்டிக்கு இந்த உயரச் சிக்கல் அநேகமாக இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதன் பலவீனம் வேறு: தனக்கு எவ்வளவு குளிர்கிறது என்பதையே அது தவறாக நினைத்துக்கொள்ள முடியும். கூலன்ட் வெப்ப சென்சாரின் மின்தடை, பெரும்பாலான ஜப்பானிய வகைகளில், 20 டிகிரியில் 2,000 முதல் 2,700 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். விடியற்குளிரிலும் அது 300 ஓம் காட்டினால், எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி ஈசியூ பெட்ரோலைச் சுருக்கிவிடும். சோக் கேபிள் அறுந்த பழைய வண்டியின் அதே நோய்தான் இது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மலை ஈரத்தில் கனெக்டர் பச்சை பூத்தால் எதிர்மாறாக நடக்கும்: மின்தடை கூடி, இருப்பதைவிடக் கடுங்குளிர் என்று கணக்காகி, பிளக்குகள் நனையும்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்பார்கள். சென்சார் நம்பத்தகுந்த பொய் சொன்னால் விளக்கு எரியாது. அதைப் பிடிக்க எளிய வழி: இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்டின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனரில் ஒன்று 5 டிகிரி, மற்றது 35 டிகிரி என்றால் ஒரு சென்சார் கெட்டிருக்கிறது. இந்தச் சோதனையைக் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே செய்தாக வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, தடயம் அழிந்துவிடும்.

காதுக்கும் இங்கே வேலை உண்டு. சாவியை ஆன் செய்ததும் பின்புறம் இரண்டு மூன்று விநாடி பம்ப் முனகும். இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்தபின் உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் கசிந்து இறங்கியிருக்கிறது. காலியான மிதவை அறைக்கு இது பங்காளி.

ஓவர்ஃப்ளோவுக்கு இரண்டிலும் கை வைத்தியம் ஒன்றே: ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி அப்படியே வைத்துச் செல்ஃப் அடிப்பது. கார்புரேட்டரில் காற்று அள்ளிக்கொண்டு போய் உலர்த்தும் (சோக்கை உள்ளே தள்ளியிருக்க வேண்டும்). பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பேட்டரி. குளிரில் அதன் சக்தி குறைகிறது, எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் செல்ஃபின் சுமை கூடுகிறது. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் பேட்டரியோ எர்த் கேபிளோ சரியில்லை. இந்த இரண்டு நிமிட வேலையைத் தாண்டிக் குதித்து, பம்பையும் சென்சாரையும் மாற்றச் சொல்லிக் குடும்பங்களின் மாதச் சம்பளத்தைக் கரைப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. பேட்டரி இறங்கினால் பழைய வண்டியை இறக்கத்தில் உருட்டி, கியர் போட்டுக் கிளப்பிவிடலாம். எம்பிஎஃப்ஐயில் பம்புக்கும் ஈசியூவுக்கும் மின்சாரம் வேண்டும். உருட்டிக் கிளப்பும்போது எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் இறங்கி அதைக் கெடுக்கவும் கூடும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இரண்டுக்கும் புதிய சோதனை. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிக வெப்பம் கேட்கிறது. எரிய அதற்குக் காற்றும் குறைவாகவே வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் ஆக்சிஜன் சென்சார் இதைத் திருத்திக்கொள்ளும், ஆனால் தான் சூடேறிய பிறகுதான். முதல் நிமிடங்களில் அதற்கு வாயில்லை. கார்புரேட்டர்காரரோ சோக்கை இன்னும் சிறிது நேரம் வெளியே விட்டுவைத்து, எஞ்சின் சத்தம் சீராவதைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொள்ளலாம்.