சீர்வரிசையில் எழுதாத குச்சி

என் அம்மாவுக்கு 1983 இல் கல்யாணம் நடந்தது. அதற்காக எழுதிய சீர்வரிசைப் பட்டியல் தாத்தாவின் கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது. குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளை அண்டா ஒன்று, எவர்சில்வர் குடம் இரண்டு, மெத்தை, தலையணை என்று சாய்ந்த கையெழுத்தில் ஒவ்வொன்றாக வரும். மறுவீடு வந்து திரும்பியபோது அம்மாச்சி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த நான்கு குண்டுமல்லிக் குச்சிகள் அதில் இல்லை. அண்டா எங்கள் படிப்புச் செலவுக்காக அடகுக்குப் போய்த் திரும்பாமலே போனது. நான்கு குச்சிகளில் இரண்டு வேர் பிடித்தன. ஒன்று இன்றும் பூக்கிறது.

பூர்விக வீடு மாமாக்கள் இருவருக்கும் போனது. சண்டை எதுவும் இல்லை. பங்கு கேட்கலாம் என்ற எண்ணமே அம்மாவுக்கு வந்ததில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1989 இல் வந்த அந்தச் சட்டமும், அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான மகள்களை வெளியே நிறுத்தியது. அம்மா ஆறு வருடம் முந்திவிட்டார். 2005 இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பு பதிவான பாகப்பிரிவினையைத் தொடுவதில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை அதற்கு வெகுகாலம் முன்பே பதிவாகிவிட்டது. ஆக, பிறந்த மண்ணிலிருந்து அம்மாவிடம் வந்து சேர்ந்து நிலைத்தது அந்த மல்லிதான்.

ஏன் குச்சி? விதை கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நம் ஊர்க் குண்டுமல்லி காய்த்து விதை கொடுப்பது அரிது. ஒடித்து நட்டால்தான் அடுத்த செடி. அப்படி வரும் செடியை மகள் என்றுகூடச் சொல்ல முடியாது. அது தாய்ச்செடியின் உடம்பேதான், வேறு மண்ணில் தொடர்கிறது. அம்மாச்சி வீட்டுச் செடியும் எங்கள் வீட்டுச் செடியும் ஒரே உயிர். அதற்கு முன்பு அது யார் யார் வீட்டில் இருந்தது என்று பின்னோக்கிப் போனால், ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஒடித்திருக்க வேண்டும், யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ஒரு தலைமுறை மறந்திருந்தாலும் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

கனகாம்பரத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். சாதாரணக் கனகாம்பரத்தின் முற்றிய காய் ஈரம் பட்டதும் படீரென வெடித்து விதையைச் சிதறடிக்கும். கீழே தானாகவே கன்று முளைக்கும். 'டெல்லி கனகாம்பரம்' என்று நாம் விரும்பித் தலையில் வைக்கும் பெரிய பூ அப்படியல்ல. அதன் செல்களில் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. அதனால் விதை கட்டாது. குச்சி நடும் கை இல்லாவிட்டால் அந்தச் செடியே உலகில் இல்லை.

நடும் முறையை அம்மா யாரிடமும் படித்ததில்லை. மழைக்காலத்தில், முற்றியும் முற்றாமலும் இருக்கிற, பென்சில் பருமனுள்ள கிளை வேண்டும். மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நுனியில் இரண்டை மட்டும் விட வேண்டும். நிழலில் நட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வேர் விட்ட பிறகு தாயிடமிருந்து அறுத்து எடுப்பது. அதுதான் பதியன். பதியன் தவறுவது குறைவு. ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று நாள் விருந்துக்கு வந்துவிட்டுப் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிற பெண்ணுக்குப் பதியன் ஒத்துவராது. அவளுக்குக் குச்சிதான்.

நட்ட இடம் பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில். செடிக்கென்று தனியாகத் தண்ணீர் சுமக்க நேரம் கிடையாது. அரிசி கழுவிய நீரும் பாத்திரம் அலசிய நீரும் ஓடுகிற வாய்க்கால் ஓரமே தோட்டம். பட்டாவில் பெயர் இல்லாதவளுக்கு வீட்டில் கிடைத்த நிலம் அந்தச் சாக்கடை ஓரம் என்றும் சொல்லலாம்.

இந்தக் கைப்பழக்கம் எழுத்தில் ஏறியபோது வேறு பெயர்களோடு ஏறியது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில் மரங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. பலா, அசோகம், வாழை, நாவல், மாதுளை, திராட்சை போன்றவற்றைச் சாணம் பூசிக் கிளையாக நட வேண்டும் என்கிறது அது. முருங்கைப் போத்தின் வெட்டுவாயில் சாணம் அப்புவது நம் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. சாணத்தை அள்ளும் வேலை எந்தக் காலத்திலும் யாருடையது என்று நமக்குத் தெரியும். வராகமிகிரர் அவர்களிடம் கேட்டுத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று கிடையாது. யாரைக் கேட்டாலும் எழுதிவைக்கும் வழக்கம் இல்லாததால்தான் சான்று கிடையாது.

நுனி இலையை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு விடை 1928 இல் வந்தது. நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளம் ஆய்வாளர், ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி அகார் கட்டியின் மேல் வைத்தார். நுனியிலிருந்து வளர்ச்சிப் பொருள் ஒன்று கட்டிக்குள் இறங்குவதைக் காட்டினார். ஆக்சின் என்பது அதுதான். மொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகி, தண்டு வழியே கீழே இறங்கி, வெட்டுவாயில் தேங்கி, அங்கே வேற்றிட வேரைத் தூண்டுகிறது. 1935 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இண்டோல் பியூட்ரிக் அமிலத்துக்கும் இந்தக் குணம் உண்டு என்று கண்டார்கள். இன்று நர்சரிக் கடையில் டப்பாவில் விற்கும் வேர்ப்பொடியில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

ஒடித்துக் கொடுப்பது எப்போது குற்றமாகும்? மல்லியைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு பழங்கதை உண்டு. டஸ்கனியின் கிராண்ட் டியூக் தன் தோட்டத்து மல்லியில் ஒரு குச்சிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாராம். தோட்டக்காரன் தன் காதலிக்கு ஒரு கொத்து கொடுத்தான். அவள் அதை வாடவிடாமல் நட்டு, செடிகளாகப் பெருக்கி விற்று, அந்தப் பணத்தில் கல்யாணம் நடந்ததாம். நடந்ததோ இல்லையோ, அடுக்கிதழ்க் குண்டுமல்லி வகை ஒன்றுக்கு உலகச் சந்தையில் இன்றும் 'கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி' என்றுதான் பெயர். பூட்டிவைத்தவர் பெயர் செடிக்கு வந்தது. வேர்விட வைத்தவளுக்குக் கதையில்கூடப் பெயர் இல்லை.

பெயரோடு நிற்கும் பெண்கள் கொஞ்சம் பேர். ஜேன் லவுடன் அவர்களில் ஒருவர். கல்யாணமானபோது தோட்டத்தைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார். கணவர் லண்டனின் பேர்பெற்ற தோட்டக்கலை எழுத்தாளர், வலக்கையை இழந்தவர். அவர் சொல்லச் சொல்ல ஜேன் எழுதினார். அப்படிக் கற்றதை வைத்து 1840 இல் பெண்களுக்கான தோட்டக்கலை நூல் ஒன்றைத் தன் பெயரில் வெளியிட்டார். மண் கொத்துவதிலிருந்து தொடங்கும் அந்த நூலில் கிளை நடுவதற்கும் பதியனுக்கும் இடம் உண்டு. கணவருக்குப் பிறகு மிஞ்சிய கடனோடு எழுதியே காலம் தள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

டியூக்கின் உத்தரவு சட்டமானது 1930 இல். அமெரிக்கா கொண்டுவந்த தாவரக் காப்புரிமைச் சட்டம், விதையில்லாமல் குச்சியாலும் ஒட்டாலும் பெருக்கும் செடிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. உருளைக்கிழங்கு போலக் கிழங்கால் பெருகுபவற்றை விட்டுவிட்டது. முதல் காப்புரிமை 1931 இல் 'நியூ டான்' என்ற கொடி ரோஜாவுக்குக் கிடைத்தது. அதை யாரும் கலப்பினம் செய்து உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு ரோஜாவில் தானாக மாறி முளைத்த கிளை அது. பருவம் முழுக்கப் பூத்தது. ஹென்றி போசன்பெர்க் அதைக் கண்டுகொண்டு தனியே பெருக்கினார். அந்தக் காப்புரிமை இருந்த 17 ஆண்டுகள், அனுமதியில்லாமல் அந்தக் கொடியில் ஒரு குச்சி ஒடித்துப் பக்கத்து வீட்டுக்காரி வேர்விட வைத்தால் அது உரிமை மீறல். இதழ் கூடுதலாக வந்த ஒரு கிளையைக் கவனித்து, அதை மட்டும் பார்த்து ஒடித்து, "இது நல்லா பூக்கும்டி" என்று கொடுத்தவர்கள் எத்தனை பேர்! ரோஜாவில் போசன்பெர்க் செய்ததும் அதேதான். அவர் கொடுக்காமல் வைத்துக்கொண்டார், அவ்வளவே.

இந்தியாவில் 2001 இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இதைவிடத் தாராளமானது. விதையைச் சேமிக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டும் தடுக்கிறது. திரும்பச் செடியாக வளரக்கூடிய எந்தத் துண்டையும் அது விதை என்றே கொள்கிறது, ஆகவே நம் குச்சியும் விதைதான். பாரம்பரிய ரகங்களைக் காத்துவருபவரையும் உழவர் என்கிறது. அம்மாச்சிக்கு அந்த வரி பொருந்தும். ஆங்கில மூலத்தில் அந்த உழவர் 'அவன்' என்றே வருகிறார். சட்டத்தில் 'அவன்' என்றால் 'அவளும்' அடக்கம் என்று வழக்கறிஞர் தோழி சொன்னாள். அடக்கம் என்ற சொல் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது.

இதையெல்லாம் சொல்லும்போது கொல்லைப்புறங்களைக் கோயிலாக்கிவிடக் கூடாது. எங்கள் தெருவில் குச்சி எல்லோருக்கும் போனது. கேட்பவர் எல்லோரும் கொல்லை வரை வர முடிந்ததில்லை. துணி வெளுக்க வந்த அக்கா வேலிக்கு வெளியே நின்றுதான் வாங்கிக்கொண்டு போவார். செடி தாண்டிய வேலியை அவர் தாண்டியதில்லை. அம்மாச்சி நல்லவர் என்று நான் சொல்லும்போதெல்லாம் இதுவும் கூடவே நினைவுக்கு வருகிறது. பிழைப்புக்காகப் பெருக்குவோர் கதையும் தனி. மதுரை மல்லிக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் மணலில் வேர் பிடித்து வருகிறது. குறியீட்டில் அந்த மணலுக்கோ, அங்கே குனிந்து குச்சி ஊன்றும் கைகளுக்கோ பெயர் கிடையாது.

மாமாக்கள் போன வருடம் அந்த வீட்டை விற்றார்கள். இடிப்பதற்கு முந்தின நாள் அம்மா போயிருந்தார். தாய்ச்செடி அடியில் பெருத்து மரம்போல ஆகிவிட்டது, மேலே நான்கைந்து பச்சைக் கிளைகள் மட்டும். வாங்கியவர் வீட்டுப் பெண் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அம்மா ஆறு குச்சி ஒடித்து, மூன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். எங்களுடைய மூன்றும் இப்போது மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் பழைய பெயிண்ட் வாளியில் நிற்கின்றன. ஒன்றில் துளிர் வந்திருக்கிறது. இழுத்துப் பார்க்காதே என்கிறார் அம்மா.